வாசித்த கைக்கு என்ன பங்கு?

1969-இல் அமெரிக்காவின் அட்லாண்டா நகரில் ‘தி வின்ஸ்டன்ஸ்’ என்ற குழு ஒரு சிறு இசைத்தட்டுக்காகப் பாடிப் பதிவுசெய்தது. தட்டின் ஒரு பக்கத்தில் ‘கலர் ஹிம் ஃபாதர்’. அந்தப் பாட்டை நம்பித்தான் தட்டே வெளிவந்தது. அது ஓடியது, கிராமி விருதும் வாங்கியது. மறுபக்கம் காலியாகக் கிடக்கக்கூடாதே என்று ‘ஆமென், பிரதர்’ என்றொரு வாத்திய உருப்படியை வாசித்தார்கள். பழைய தேவாலயப் பாட்டு ஒன்றின் மெட்டை எடுத்து, முடுக்கி வாசித்த உருப்படி. அதுவும் நீளம் போதவில்லை. அதனால் நடுவில் ஓரிடத்தில் எல்லோரும் நிறுத்திவிட, டிரம்ஸ் வாசித்த கிரிகரி கோல்மன் மட்டும் தொடர்ந்தார். நம் கச்சேரியில் பாடகர் ஓய்ந்து மிருதங்கத்துக்கு இடம்விடும் தனி ஆவர்த்தனத்தை ஒரு சிட்டிகைக்குள் அடக்கினால் எப்படியிருக்கும்? அப்படி நான்கு தாளச் சுற்று. முதல் இரண்டு சுற்றும் ஒரே நடை. மூன்றாவது சுற்றில் ஸ்நேர் டிரம்மின் ஓர் அடி, விழவேண்டிய இடத்தைத் தாண்டிக் கொஞ்சம் தாமதமாக விழுகிறது. நான்காவதில் முதல் அடியே இல்லை. அந்த வெற்றிடத்தைத் தொடர்ந்து அடிகள் எடுப்பு மாறி விழ, சிம்பல் சற்று முன்கூட்டியே வந்து பளீரென்று ஒலித்து முடிக்கிறது. மொத்தம் சுமார் 7 விநாடி.

1986-இல் அந்த உருப்படி, டிஸ்க் ஜாக்கிகளுக்காகத் தொகுத்த ஓர் இசைத்தட்டு வரிசையில் சேர்ந்தது. அதற்குப் பிறகு அந்த 7 விநாடி போகாத இடமில்லை. என்.டபிள்யூ.ஏ. குழுவின் ‘ஸ்ட்ரெய்ட் அவுட்டா காம்ப்டன்’ பாட்டுக்கு அதுதான் அடித்தளம். 1990-களில் லண்டன் இளைஞர்கள் அதை வேகப்படுத்தி, அடி அடியாக வெட்டி, மாற்றி அடுக்கி ‘ஜங்கிள்’, ‘டிரம் அண்ட் பேஸ்’ என்ற இசை வகைகளையே கட்டினார்கள். இன்றுவரை ஆயிரக்கணக்கான பதிவுகளில் அந்த அடிகள் ஒலிக்கின்றன. குழுத் தலைவர் ரிச்சர்ட் ஸ்பென்சருக்கு இந்த விஷயம் 1996-இல்தான் தெரியவந்தது. அதற்குள் வழக்குப்போடும் காலக்கெடு கடந்துவிட்டது. 2015-இல் ஒரு பிரிட்டிஷ் டி.ஜே. முன்னின்று ரசிகர்களிடம் நிதி திரட்டி 24,000 பவுண்டை ஸ்பென்சருக்குக் கொடுத்தார். வாசித்தவரான கோல்மனுக்கு அதுவும் கிடைக்கவில்லை. அவர் 2006-இல் அட்லாண்டாவில் வீடற்றவராக இறந்துவிட்டார். தன் வாசிப்பு உலகைச் சுற்றிவந்ததே அவருக்குத் தெரிந்திருக்காது என்று ஸ்பென்சர் சொல்லியிருக்கிறார்.

அடுத்தவர் பதிவிலிருந்து ஒரு துண்டை எடுத்துப் புதிய பாட்டில் பதிப்பதை ‘சாம்ப்ளிங்’ என்கிறார்கள். மெட்டைக் காதால் கேட்டு இன்னொருவர் திரும்ப வாசிப்பதிலிருந்து இது வேறுபட்டது. இங்கே நகர்வது அந்த ஒலியேதான்: அன்றைக்கு அந்த அறையில், அந்தத் தோலின்மேல், அந்தக் கை விழுந்தபோது எழுந்த ஒலி. இதைச் செய்ய ஒரு பொத்தானை அழுத்தினால் போதும் என்று நினைப்பவர்கள் இந்தக் கலையை அறியாதவர்கள். 1987-இல் வந்த ‘எஸ்.பி. 1200’ என்ற கருவி ஹிப்-ஹாப் இசைக்காரர்களின் செல்லப்பிள்ளை. அதன் நினைவகத்தில் மொத்தமே 10 விநாடி ஒலிதான் கொள்ளும். என்ன செய்தார்கள்? நிமிடத்துக்கு 33 சுற்று ஓடவேண்டிய தட்டை 45 சுற்றில் ஓடவிட்டுப் பதிந்துகொண்டார்கள். ஒலி சுருங்கி உள்ளே அடங்கியதும், கருவிக்குள் வேகத்தைக் குறைத்துப் பழையபடி இறக்கினார்கள். அப்படி இறக்கும்போது ஒரு கரகரப்பு ஏறும். அந்தக் கரகரப்பே ஒரு காலகட்டத்தின் அடையாளமாகிவிட்டது. ஆயிரம் தட்டுகளைப் புரட்டி, மற்றவர்கள் கேட்டுக் கடந்துபோன இரண்டு விநாடியில் ஒரு பாட்டின் விதையைக் காண்பதற்கு நுட்பமான காது வேண்டும். அதைக் கலை என்று ஏற்பதில் எனக்குத் தயக்கமே இல்லை.

ஆனால் சாம்ப்ளிங் பற்றிய வாக்குவாதம் அநேகமாக எப்போதும் ஒரே தடத்தில் ஓடுகிறது. ஒரு தரப்பு ‘திருட்டு’ என்கிறது, மறு தரப்பு ‘படைப்பு’ என்கிறது. நீதிமன்றம் ‘அனுமதி வாங்கினாயா’ என்று கேட்கிறது. 1991-இல் பாடகர் கில்பர்ட் ஓ’சல்லிவனின் பாட்டிலிருந்து ராப் பாடகர் பிஸ் மார்க்கி ஒரு துண்டை எடுத்த வழக்கில், நியூயார்க் நீதிபதி பைபிளின் ‘திருடாதிருப்பாயாக’ என்ற கட்டளையோடுதான் தீர்ப்பையே தொடங்கினார். அன்றிலிருந்து அனுமதிச் சீட்டு இருந்தால் நல்லவர், இல்லாவிட்டால் திருடர் என்று விஷயம் சுருங்கிவிட்டது. என் வாதம் இதுதான்: அனுமதி யாரிடம் வாங்கப்படுகிறதோ அவரும், யாருடைய உழைப்பு எடுக்கப்படுகிறதோ அவரும் பெரும்பாலும் ஒருவரல்லர். எடுத்தவர் பட்ட கடன் வாசித்த கைக்கும் பாடிய தொண்டைக்கும் உரியது. சட்டமோ அந்தக் கடனைப் பத்திரம் வைத்திருப்பவரிடம் செலுத்தச் சொல்கிறது. அதனால் ஒரு பைசா கொடுக்காமல் எடுத்தவர் மட்டுமன்றி, எல்லா உரிமமும் முறைப்படி வாங்கியவரும் அந்தக் கடனைத் தீர்க்காமலே போய்விட முடிகிறது.

இதற்குப் புல்லாங்குழல் கலைஞர் ஜேம்ஸ் நியூட்டனின் வழக்கைவிடத் தெளிவான சாட்சி எனக்குத் தெரிந்து இல்லை. இந்தக் கறுப்பினக் கலைஞர் ‘கொயர்’ என்றொரு உருப்படி செய்தார். ஆர்கன்சாஸ் கிராமத்துத் தேவாலயத்தில் நான்கு பெண்கள் பாடக் கேட்ட நினைவில் பிறந்தது அது. குழலில் ஒரே சுரத்தைப் பிடித்து ஊதிக்கொண்டே, அதே மூச்சில் தொண்டையால் அதற்குமேல் பாடுகிறார். ஊதுவதும் பாடுவதும் ஒன்றோடொன்று உரசும்போது, குழலில் இல்லாத, தொண்டையிலும் இல்லாத சில ஒலிகள் எழுகின்றன. ஒரே ஆள் ஒரு கூட்டமாக ஒலிக்கிறார். 1992-இல் பீஸ்டி பாய்ஸ் குழு அதன் தொடக்க 6 விநாடியை எடுத்து, ‘பாஸ் த மைக்’ பாட்டு நெடுகச் சுழலவிட்டது. அவர்கள் சும்மா எடுக்கவில்லை. பதிவின் உரிமையை வைத்திருந்த இ.சி.எம். நிறுவனத்துக்கு 1,000 டாலர் கொடுத்து உரிமம் வாங்கினார்கள். ஆனால் இசையமைப்பின் உரிமை நியூட்டனிடம் இருந்தது, அவரிடம் கேட்கவில்லை. அவர் வழக்குப்போட்டார். 2003-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் என்ன சொன்னது? இசையமைப்பு என்று பார்த்தால், தாளில் இருப்பது ஊதும் ஒரு சுரத்தின்மேல் பாடும் மூன்று சுரங்கள் மட்டுமே. அது பொருட்படுத்தவேண்டாத அளவு சிறியது. அந்த மூன்று சுரங்களை அவர் எப்படி வாசித்தார் என்பது வாசிப்பைச் சேர்ந்தது. வாசிப்பு பதிவைச் சேர்ந்தது. பதிவு நிறுவனத்தைச் சேர்ந்தது.

இந்தத் தர்க்கத்தைக் கொஞ்சம் நின்று பார்க்கவேண்டும். சட்டத்தின்படி ஒரு பதிவில் இரண்டு சொத்துகள் உண்டு. ஒன்று மெட்டு, அது இசையமைத்தவருக்கு உரியது. இன்னொன்று ஒலிப்பதிவு, அது பெரும்பாலும் பணம் போட்ட நிறுவனத்துக்கு உரியது. பீஸ்டி பாய்ஸ் எடுத்தது இந்த மூன்று சுரங்களுக்காகவா? அந்தச் சுரங்களை எந்தக் குழலிலும் எவரும் ஊதியிருக்கலாம். அவர்கள் வேண்டியது அந்த மூச்சின் உரசல், அந்த மனிதர் ஆண்டுக்கணக்கில் பழகி எட்டிய ஒலி. எடுத்துக்கொண்டதன் மதிப்பு முழுவதும் எதில் இருந்ததோ, அதற்கு நியூட்டன் சட்டப்படி சொந்தக்காரர் இல்லை. எதற்குச் சொந்தக்காரரோ, அது அற்பம் என்று தள்ளப்பட்டது. நீதிபதிகளைக் குறைசொல்ல முடியாது. இருக்கும் சட்டத்தை அவர்கள் சரியாகத்தான் படித்தார்கள்.

டிரம்ஸ் வாசிப்பவர்கள் நிலை இன்னும் மோசம். அடிகளுக்கு ‘மெட்டு’ என்ற தகுதிகூடக் கிடைப்பது அரிது. ஜேம்ஸ் பிரவுன் குழுவில் வாசித்த கிளைட் ஸ்டபிள்ஃபீல்ட் 1969 நவம்பரில் சின்சினாட்டியில் வாசித்த ‘ஃபங்கி டிரம்மர்’, உலகில் மிக அதிகமாக வெட்டியெடுக்கப்பட்ட பதிவுகளில் ஒன்று. பாட்டின் பெயரே அவரைப் பற்றியது. ஆனால் பாட்டுக்குச் சொந்தக்காரர் என்ற இடத்தில் ஜேம்ஸ் பிரவுன் பெயர்தான் இருந்தது. ஸ்டபிள்ஃபீல்டுக்கு அன்றைய சம்பளத்தோடு சரி. பிற்காலத்தில் அவர் புற்றுநோயால் அவதிப்பட்டபோது, மருத்துவச் செலவில் பெரும்பகுதியைச் சத்தமில்லாமல் கட்டியவர் பாடகர் பிரின்ஸ் என்ற விவரம் பிரின்ஸ் இறந்த பிறகே வெளிவந்தது. ஒரு கலைஞர் இன்னொரு கலைஞருக்குத் தானாக மனமிரங்கிச் செய்தது அது. அந்த டிரம்ஸ் அடியால் சம்பாதித்த தொழில் எதுவும் செய்யக் கடமைப்பட்டிருக்கவில்லை. பணத்தைவிடத் தன் பெயர் போடப்படவேண்டும் என்பதையே ஸ்டபிள்ஃபீல்ட் திரும்பத் திரும்பக் கேட்டார். 2017-இல் காலமானார்.

அமெரிக்காவைத் தாண்டி, தைவானின் கிழக்குக் கரைக்குப் போவோம். அங்கே அமிஸ் பழங்குடியைச் சேர்ந்த டிஃபாங், இகாய் என்ற தம்பதி விவசாயம் செய்து வாழ்ந்தவர்கள். தங்கள் இனத்தின் மூத்தோர் கூடிக் குடிக்கும்போது பாடும் பாட்டுகளில் தேர்ந்தவர்கள். 1988-இல் ஒரு பண்பாட்டுப் பரிமாற்றத்துக்காக அவர்களை ஐரோப்பாவுக்கு அழைத்துப்போனார்கள். பிரான்சில் நிகழ்ச்சி பதிவானது. பாரிசிலுள்ள ஒரு பண்பாட்டு நிறுவனம் அதைக் குறுந்தகடாக வெளியிட்டது. ‘எனிக்மா’ என்ற பெயரில் இசையமைத்த மைக்கேல் கிரேட்டு, அந்த நிறுவனத்திடம் முறையாக உரிமை பெற்று, டிஃபாங்கின் குரலை ‘ரிட்டர்ன் டு இன்னசன்ஸ்’ பாட்டின் உச்சியில் வைத்தார். பாட்டு உலகமெங்கும் ஒலித்தது. 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கின் விளம்பரத்துக்கும் பயன்பட்டது. எழுபது வயதைத் தாண்டிய அந்த விவசாயிக்கு, தன் குரல் அதில் இருப்பது தெரிந்தவர்கள் சொல்லித்தான் தெரியவந்தது. 1998-இல் அவர் வழக்குத் தொடுத்தார். அது பொதுச்சொத்து என்றே தான் நம்பவைக்கப்பட்டதாகக் கிரேட்டு தரப்பு சொன்னது. அது பொய்யென்று எண்ண வேண்டியதில்லை. பத்திரம் இருக்கவேண்டிய இடத்தில் பத்திரம் இருந்தது. பாடியவர்தான் அந்தப் பத்திரத்தில் இல்லை. 1999-இல் வழக்கு வெளியே சமரசத்தில் முடிந்தது. இனிமேல் அந்தப் பாட்டின் வெளியீடுகளில் தம்பதியின் பெயர் வரவேண்டும் என்பது அந்தச் சமரசத்தில் ஒன்று.

இங்கே ஒரு வலுவான மறுப்பு எழும். எல்லா இசையும் கடன் வாங்கியதுதானே? ‘ஆமென், பிரதர்’ உருப்படியே தேவாலய மெட்டிலிருந்து பிறந்ததுதானே? டிஃபாங் பாடியதும் அவர் இயற்றிய பாட்டல்ல, ஊர்ப்பாட்டு. உண்மை. நம் பழக்கமும் அப்படித்தான். பழைய பாட்டுப் புத்தகங்களைத் திறந்தால் ஒவ்வொரு பாட்டின் தலையிலும் இன்ன பாட்டின் வர்ணமெட்டு என்று அச்சிட்டிருக்கும். பாரதியாரின் பாடல்களிலேயே அப்படிக் குறிப்புகள் உண்டு. மேடை நாடகப் பாட்டாசிரியர்கள் பார்சி நாடகங்களின் மெட்டுகளைக் கூசாமல் எடுத்தார்கள். அதனால் தமிழிசை வளர்ந்தது. ஆனால் அந்தப் பழக்கத்தில் இரண்டு விஷயங்களைக் கவனிக்கவேண்டும். ஒன்று, எங்கிருந்து எடுத்தோம் என்பதைப் பாட்டின் தலையிலேயே போட்டார்கள். பாடுபவருக்கு மெட்டு தெரியவேண்டும் என்ற நடைமுறைத் தேவைதான் காரணம் என்றாலும், மூலத்தின் பெயர் பாட்டோடு பயணித்தது. இரண்டு, மெட்டை எடுத்தவர் தானே பாடியாகவேண்டும். காவடிச்சிந்தின் மெட்டில் நான் பாடினால் என் தொண்டைதான் வலிக்கும். அதை இயற்றிய அண்ணாமலை ரெட்டியாரின் காலத்துப் பாடகர் யாருடைய உழைப்பையும் நான் எடுத்துக்கொள்வதில்லை. சாம்ப்ளிங்கில் அந்த உழைப்பே நகர்கிறது. மெட்டு ஊருக்குப் பொதுவாக இருக்கலாம். டிஃபாங்கின் குரல்வளை ஊருக்குப் பொதுவல்ல.

இன்னொரு மறுப்பு, இதைவிடக் கூர்மையானது. ஒவ்வொரு துண்டுக்கும் அனுமதி, காசு என்று கேட்டால் இந்தக் கலை செத்துப்போகும் என்பார்கள். இதில் பெரும்பகுதி உண்மை என்பதை வரலாறு காட்டிவிட்டது. 1988-இல் பப்ளிக் எனிமியும், 1989-இல் பீஸ்டி பாய்ஸும் டி லா சோலும் டஜன்கணக்கான துண்டுகளை அடுக்கி வெளியிட்ட ஆல்பங்களைப்போல இன்று ஒன்று செய்யப் பெரும் பணக்காரர்களுக்கே முடியும். டி லா சோல் குழுவின் பழைய ஆல்பங்கள், துண்டுகளின் உரிமைச் சிக்கலும் நிறுவனத் தகராறும் சேர்ந்து, 2023 மார்ச் வரை ஸ்ட்ரீமிங் செயலிகளில் வரவே இல்லை. வந்தபோது குழுவின் மூவரில் ஒருவரான டேவிட் ஜோலிகோர் இறந்து சில வாரங்கள் ஆகியிருந்தன. 2005-இல் பிரிட்ஜ்போர்ட் வழக்கில், இரண்டு விநாடி கிட்டார் ஒலிக்குக்கூட, அதை அடையாளமே தெரியாமல் மாற்றியிருந்தாலும், உரிமம் வேண்டும் என்று ஓர் அமெரிக்க நீதிமன்றம் சொன்னது. அந்த வழக்கைப் போட்டது கிட்டார் வாசித்தவரல்ல. உரிமைகளை வாங்கிக் குவித்து வைத்திருந்த ஒரு நிறுவனம். ஜெர்மனியில் கிராஃப்ட்வெர்க் குழுவின் 1977-ஆம் ஆண்டுப் பதிவிலிருந்து எடுத்த இரண்டு விநாடி உலோக ஒலிக்காக 1990-களின் இறுதியில் தொடங்கிய வழக்கு, ஐரோப்பிய நீதிமன்றம் வரை போய்க் கால் நூற்றாண்டைத் தாண்டியது. 2019-இல் அந்த நீதிமன்றம், காதுக்கு அடையாளம் தெரியாதபடி மாற்றிவிட்டால் அது உரிமை மீறலாகாது என்று ஒரு வாசலைத் திறந்துவைத்தது. எனக்கு அது சரியென்றே படுகிறது. அடையாளம் தெரியாமல் கரைந்த ஒலியில் யாருடைய கையும் மிஞ்சியிருக்கவில்லை.

ஆகவே அனுமதி என்ற பூட்டை நான் ஆதரிக்கவில்லை. பூட்டின் சாவி வாசித்தவரிடம் இல்லாதபோது அந்தப் பூட்டால் அவருக்கு என்ன பயன்? நான் கேட்பது பங்கும் பெயரும். பாட்டை அப்படியே மறுபடி பாடிப் பதிவுசெய்யும் ‘கவர்’ பாட்டுகளுக்கு உலகில் பல நாடுகளில் இந்த ஏற்பாடு வெகுகாலமாக இருக்கிறது. இந்தியச் சட்டத்திலும், முதல் பதிவு வந்து ஐந்தாண்டு கழிந்தால், முன்னறிவிப்பும் நிர்ணயித்த ராயல்டியும் கொடுத்து எவரும் புதிதாகப் பாடிப் பதியலாம். மூலச் சொந்தக்காரர் முடியாது என்று மறிக்க முடியாது. அதே முறையைத் துண்டுகளுக்கும் கொண்டுவரலாம். எடுப்பவர் எவர் காலிலும் விழவேண்டாம். எடுத்ததன் அளவுக்கு ஒரு விகிதம் கொடுத்தால் போதும். அதில் ஒரு பகுதி, யார் கைக்கு மாற்றினாலும் மாறாதபடி, வாசித்தவருக்கே போகவேண்டும். மறுக்கும் உரிமையை ஒரே ஓர் இடத்தில் வைத்துக்கொள்ளலாம். சாவுப்பாட்டை மது விளம்பரத்துக்கும், வழிபாட்டுப் பாட்டை ஆபாசத்துக்கும், ஒருவர் குரலை அவர் வெறுக்கும் கட்சியின் பிரசாரத்துக்கும் எடுக்கும்போது, ‘என் குரலை இதில் வைக்காதே’ என்று சொல்லும் உரிமை பாடியவருக்கு இருக்கவேண்டும். அதை நிறுவனம் அவருக்காக விற்றுவிடக்கூடாது.

‘அவருக்குத்தான் அன்றைக்கே கூலி கொடுத்தாகிவிட்டதே’ என்பார்கள். தொழிலில் இருப்பவர்களிடம் மிகவும் சகஜமாக வரும் பதில் இது. கொத்தனாருக்குக் கூலி கொடுத்த பிறகு வீட்டு வாடகையில் பங்கு கேட்பாரா என்றும் கேட்பார்கள். வீட்டின் சுவரைப் பெயர்த்து ஆயிரம் வீடுகளில் வைக்க முடிந்தால் கொத்தனாரும் கேட்கத்தான் செய்வார், கேட்கவும் வேண்டும். கோல்மனுக்குக் கொடுத்த சம்பளம் ஒரு தட்டின் மறுபக்கத்தை நிரப்பியதற்கு. தன் அடிகளை வெட்டி எடுக்கும் கருவி வரும் என்பது 1969-இல் அவருக்கும் தெரியாது, கொடுத்தவருக்கும் தெரியாது. இரு தரப்பும் கனவிலும் காணாத ஒன்றை அந்த ஒப்பந்தம் விற்றுவிட்டது என்று எப்படிக் கொள்வது? அன்றைய கூலியோடு கணக்கு தீர்ந்துவிடவில்லை என்பதைச் சட்டங்களே சில இடங்களில் ஒப்புக்கொண்டிருக்கின்றன. ஐரோப்பிய ஒன்றியம் 2011-இல் பதிவுகளின் பாதுகாப்புக் காலத்தை 50 ஆண்டிலிருந்து 70 ஆண்டாக நீட்டியபோது, கூடுதலாகக் கிடைத்த அந்த ஆண்டுகளின் வருவாயில் 20 சதவீதத்தை, ஒரே தவணைச் சம்பளம் வாங்கிப்போன வாத்தியக்காரர்களுக்காக நிறுவனங்கள் ஒதுக்கவேண்டும் என்றது. அமெரிக்காவில் இணைய வானொலி ராயல்டியில் பாதி பதிவின் சொந்தக்காரருக்கு. 45 சதவீதம் முதன்மைக் கலைஞருக்கு. 5 சதவீதம் பின்னணியில் வாசித்தவர்களுக்கும் பாடியவர்களுக்கும் ஒரு நிதி வழியாக, நேராகப் போகிறது. இதனால் அங்கே இசைத்தொழில் மூழ்கிவிடவில்லை. துண்டெடுத்த பாட்டுக்கும் இதே வாய்க்காலை வெட்டுவதில் கணக்குச் சிக்கல் எதுவும் இல்லை.

சாம்ப்ளிங் இல்லாவிட்டால் வின்ஸ்டன்ஸை யாருக்குத் தெரியும் என்றும் சொல்வதுண்டு. அந்தப் புகழ் கோல்மனை எட்டவே இல்லை என்பதால் இதற்கு நீண்ட பதில் தேவையில்லை.

நம் பக்கம் வருவோம். ‘பிளாக் ஐட் பீஸ்’ குழுவின் 2003 ஆல்பத்திலுள்ள ‘எலிஃபங்க் தீம்’, ‘ஸ்ரீ ராகவேந்திரர்’ படத்துக்கு இளையராஜா செய்த பாட்டிலிருந்து எடுத்தது. லண்டனில் பிறந்த ஈழத்தமிழ்ப் பாடகி எம்.ஐ.ஏ., 2007-இல் தன் தாயின் பெயரிட்ட ‘கலா’ ஆல்பத்தின் முதல் பாட்டில் ‘தளபதி’யின் ‘காட்டுக்குயிலு’ பாட்டை வைத்தார். இவை பேசப்படும்போதெல்லாம் ‘இளையராஜாவை எடுத்தார்கள்’ என்று பெருமையாகச் சொல்கிறோம். எடுத்தது இளையராஜாவின் மெட்டு. கூடவே அன்று ஒலிப்பதிவுத் தியேட்டரில் உட்கார்ந்து தோல்வாத்தியம் வாசித்தவர்களின் அடியும்தான். 2024-இல் ‘மஞ்ஞும்மல் பாய்ஸ்’ படத்தில் ‘குணா’வின் ‘கண்மணி அன்போடு’ பாட்டு ஒலித்ததற்காக இளையராஜா நோட்டீஸ் அனுப்பினார். உரிமை வைத்திருக்கும் இசை நிறுவனங்களிடம் அனுமதி வாங்கிவிட்டோம் என்று படத்தரப்பு சொன்னது. தமிழ்நாடே இரண்டாகப் பிரிந்து, பாட்டு இசையமைப்பாளருக்குச் சொந்தமா தயாரித்தவருக்குச் சொந்தமா என்று வாதாடியது. அந்தப் பாட்டின் வயலின்களை வாசித்தவர்கள் யார் என்ற கேள்வி அந்த வாதத்தில் எந்தப் பக்கத்திலிருந்தும் வரவில்லை. இளையராஜா தன் உரிமைக்காகப் போராடுவது நியாயம். அவர் போராடியதால்தான் பதிப்புரிமை என்ற சொல்லே நம் டீக்கடைப் பேச்சில் வந்தது. அந்த நியாயத்தை இன்னும் இரண்டடி நீட்டினால் வாசித்தவர் வரை வந்துவிடும்.

இந்தியச் சட்டம் அந்த இரண்டடியில் ஒன்றை எடுத்துவைத்திருக்கிறது. 2012 திருத்தம் நிகழ்த்துகலைஞருக்கு, அவர் நிகழ்த்தியது வணிகத்துக்குப் பயன்படும்போது ராயல்டி உரிமையையும், தன் பெயரால் அடையாளம் காணப்படும் உரிமையையும், தன் நிகழ்த்தலைப் பெயர் கெடும்படி சிதைத்தால் தடுக்கும் உரிமையையும் தந்தது. பாடகர்கள் 2013-இல் தங்களுக்கென்று ஒரு சங்கம் அமைத்து வசூலைத் தொடங்கினார்கள். வாத்தியக்காரர்கள் அப்போது அந்த வாசலுக்கு வெளியேதான் நின்றார்கள். அதே திருத்தத்தில் ஒரு விதிவிலக்கு இருக்கிறது: திரைப்படத்தில் ஒருவரின் பங்கு தற்செயலானதாக இருந்து, தொழில் வழக்கப்படி அவர் பெயரை டைட்டிலில் எங்கும் போடுவதில்லை என்றால், அவர் நிகழ்த்துகலைஞராகவே கருதப்பட மாட்டார், சிதைப்பைத் தடுக்கும் உரிமை மட்டும் மிஞ்சும். கூட்டத்தில் நடந்துபோகும் துணை நடிகர்களை மனத்தில் வைத்து எழுதியதாகத்தான் தெரிகிறது. ஆனால் பெயர் போடாததே உரிமை இல்லாததற்கு ஒரு காரணமாக முடியும் என்பதை அந்த வரி நமக்குக் காட்டிக்கொடுக்கிறது. தொண்ணூறுகளில் ஏ.ஆர். ரஹ்மான் கேசட் உறையில் வாசித்தவர்களின் பெயர்களை அச்சிடத் தொடங்கியது, மரியாதை என்ற அளவில் அன்று பாராட்டப்பட்டது. அது ஓர் ஆவணமும்கூட.

செயற்கை நுண்ணறிவு வந்த பிறகு துண்டை வெட்டவேண்டிய தேவைகூட இல்லை. குரலின் அச்சை எடுத்து, அவர் பாடாத பாட்டையே பாடவைக்க முடிகிறது. 2024-இல் ‘லால் சலாம்’ படத்தின் ‘திமிறி எழுடா’ பாட்டில் மறைந்த பம்பா பாக்யா, சாகுல் ஹமீது இருவரின் குரலையும் ரஹ்மான் அப்படிக் கொண்டுவந்தார். குடும்பங்களிடம் அனுமதி பெற்று ஊதியமும் கொடுத்ததாக அவரே அறிவித்தார். அதே ஆண்டு, எஸ்.பி. பாலசுப்ரமணியத்தின் குரலைக் கேட்காமல் உருவாக்கியதாக ஒரு தெலுங்குப் படக்குழுவுக்கு அவர் மகன் நோட்டீஸ் அனுப்பினார். ரஹ்மான் செய்தது இன்று எவரும் செய்யும் நடைமுறையைவிட எவ்வளவோ மேல். ஆனாலும் என் மனத்தில் ஓர் உறுத்தல் இருக்கிறது. 1997-இல் விபத்தில் இறந்த சாகுல் ஹமீது இதற்குச் சம்மதித்திருப்பாரா என்பதை அவர் குடும்பம்கூட ஊகிக்கத்தான் முடியும். உயிரோடு இருக்கும்போதே, தன் குரலை எதற்குத் தரலாம், எதற்குத் தரக்கூடாது என்று ஒவ்வொரு கலைஞரும் எழுதிவைக்கும் ஏற்பாடு வேண்டும். அதற்கும் முதலில், எந்தப் பதிவில் எவர் இருக்கிறார் என்பது தெரிந்திருக்க வேண்டும்.

அது முடியாத காரியமல்ல. ஒவ்வொரு பதிவுக்கும் உலகளவில் 12 எழுத்தும் எண்ணும் கொண்ட ஒரு குறியீடு தரப்படுகிறது. அதோடு வாசித்தவர்களின் பெயர்களைச் சேர்த்துவைக்க இன்றைய கணினிப் பதிவேடுகளில் இடமும் இருக்கிறது. சென்னையில் எம்.பி. சீனிவாசன் முன்னின்று திரையிசைக் கலைஞர்களைச் சங்கமாகத் திரட்டியது நியாயமான சம்பளத்துக்காக. கால்ஷீட் முடிந்து அந்தச் சம்பளத்தைக் கொடுக்கும்போது யார் எந்த வாத்தியம் வாசித்தார் என்று எழுதிக் கையெழுத்து வாங்கத்தானே செய்கிறார்கள்? அந்தத் தாளில் இருக்கும் பெயர்களைப் பாட்டின் கோப்பில் ஏற்றுவதற்கு ஒருவர் உட்கார்ந்தால் அரைமணி நேரம் ஆகும்.